ஒரு கைக்கு மட்டும் திரும்பிய சாவி

போன மாதம் என் மருமகனோடு பொன்னேரியில் ஒரு சாவிக் கடைக்குப் போயிருந்தேன். அவரிடம் இருப்பது பழைய பிக்கப் வண்டி. ரிமோட் சாவியைத் தொலைத்துவிட்டு மாற்றுச் சாவி வாங்கியிருந்தார். கடைக்காரத் தம்பி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டிலிருந்த இன்னொரு சாவியைப் போட்டு ஆன் செய்தார், ஆஃப் செய்தார், மறுபடி ஆன், மறுபடி ஆஃப். பிறகு புதுச் சாவியின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். கதவுப் பூட்டுகள் எல்லாம் 'டக்' என்று ஒருமுறை விழுந்து எழுந்தன. அவ்வளவுதான் வேலை.

"அது எப்படித் தம்பி இதுதான் நம்ம சாவின்னு வண்டி தெரிஞ்சிக்குது?" என்று கேட்டேன்.

சாவிக்குள் ஒரு சிப் இருப்பதையும், அதன் எண்ணை வண்டி மனதில் வாங்கிக்கொள்வதையும் பொறுமையாகச் சொன்னார். நானும் பழவேற்காட்டில் இதே தொழிலில் இருந்தவன் என்றதும் ஆர்வமாகிவிட்டார். "சிப்பு இல்ல, லேப்டாப் இல்ல, ஒரிஜினல் சாவியும் இல்லன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்காரன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். காதில் சீழ் வைத்து, ஒரு பக்கம் கேட்காமல் போய், அலையில் நின்றால் தலை சுற்ற ஆரம்பித்தது. கட்டுமரத்தில் தலை சுற்றுகிறவனை யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு, பழவேற்காடு கடைத்தெருவில் இருந்த மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அது எழுபதுகளின் தொடக்கம். பட்டறை முதலாளி காதர் பாய் என்னைவிடச் சின்னவர். தாத்தா காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம் என்பார்கள். இவருக்கு வியாபாரத்தில் மனசு போகவில்லை. பூட்டைக் கண்டால்தான் முகம் மலரும். அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரை 'பாய்' என்பேன்.

முதல் இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், கிரீஸ் துடைத்தேன், அரம் பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காதர் பாய் வேலை செய்யும் விதம்தான் சொல்ல வேண்டியது. பூட்டு சரியில்லை என்று யார் வந்தாலும் அவர் முதலில் அதைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்க போட்டுக் காட்டுங்க" என்பார். வந்தவர் சாவியைப் போடுவார், ஆட்டுவார், திட்டுவார். பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "இந்தச் சாவியால சோடா மூடி தெறப்பீங்களா?" என்று கேட்பார். "சாவிக் கொத்துல இன்னா இன்னா மாட்டுவீங்க?" என்பார். கேட்கப்பட்டவருக்குக் கோபம்கூட வரும். ஆனால் கனமான கொத்து தொங்கித் தொங்கிப் பூட்டின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதை அதற்குப் பிறகு நாங்கள் பார்ப்போம்.

இன்னொன்று, பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் அவருக்கு ஆகாது. எங்கள் ஊரில் காற்றோடு உப்பும் மணலும் சேர்ந்து வரும். தேங்காயெண்ணெய் விட்ட பூட்டுக்குள் மணல் போனால் அது களிம்பாகி அரம் மாதிரி ராவும். பென்சிலின் கரியைப் பொடி செய்து, ஒரு கோழி இறகால் உள்ளே தள்ளச் சொல்வார். நான் பார்த்த பூட்டுகளில் பாதி அதிலேயே சரியாகிவிட்டன.

சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தொலஞ்சிதா, இல்ல எங்கன்னு தெரியலயா?" என்பது. இரண்டும் வேறு என்பார். ஒருமுறை ஐஸ் ஏற்றிவந்த வண்டியின் டிரைவர் ஏரிக்கரையில் கால் கழுவும்போது சாவியைத் தண்ணீரில் விட்டுவிட்டார். முட்டியளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. நான் புதுச் சாவிக்கு அரத்தை எடுத்துவிட்டேன். பாய் தடுத்தார். ஏரியில் கையால் துழாவி எறா, அதாவது இறால், பிடிக்கும் பெண்கள் சற்றுத் தள்ளி வேலையாக இருந்தார்கள். அவர்களில் முனியம்மா என்பவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார் முனியம்மா. அவர் சாவியையே கையில் பிடித்ததில்லையாம். வீட்டுக்குப் பூட்டு கிடையாது.

பாய் பட்டறையிலிருந்து அதே மாதிரிச் சாவி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். முனியம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை விரல்களில் புரட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்து, கழுத்துவரை அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றை வருடிக்கொண்டே நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாவி வந்தது. டிரைவர் வாயைப் பிளந்தார். முனியம்மாவுக்கு அது வியப்பாகவே இல்லை.

"எறா ஓடும். இது எங்க ஓடப் போவுது?" என்றார்.

இனி எத்திராஜ் விஷயத்துக்கு வருகிறேன். என் தொழிலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

தோணிரேவு கிராமத்தில் எத்திராஜும் அவர் மனைவி கஸ்தூரியும் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார்கள். கஸ்தூரி ஏரிக்கரையில் எறாவும் நண்டும் வாங்குவார், எத்திராஜ் வண்டியில் ஏற்றி மெட்ராஸ் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். எத்திராஜ் யாரையும் அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. கஸ்தூரியின் தம்பி பாபு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தும் வண்டி கழுவ மட்டும்தான் அனுமதி.

ஒருநாள் காலையில் எத்திராஜுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பிவிட்டது. வலது கை நன்றாக இருந்தது. இடது கையும் இடது காலும் வரவில்லை. கிளட்ச் மிதிக்கிற கால் அது.

பாபு சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "பாய், வண்டி ஸ்டார்ட் ஆவல. சாவியே திரும்ப மாட்டேங்குது. இத்த மாதிரி புதுசு ஒண்ணு வெட்டிக் குடுங்க."

பாய் அப்போது வெளியே போகும் அவசரத்தில் இருந்தார். நானே அந்தச் சாவியை வைஸ் இடுக்கியில் மாட்டி, பல்லுக்குப் பல் அச்சாக இன்னொன்று வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் பாபு இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். "இதுவும் திரும்பல."

அதைக் கேட்டதும் பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கண்ணே, போய்ப் பாக்கலாம்" என்று சைக்கிளை எடுத்தார்.

வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தது. சாவி போடும் இடம் டாஷ்போர்டின் நடுவில். பாபு போட்டுக் காட்டினார், திரும்பவில்லை. நான் போட்டேன், திரும்பவில்லை. கடைசியில் பாய் போட்டார். அவருக்கும் திரும்பவில்லை. சாவியை வெளியே எடுத்து வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பற்களின் சரிவுகள் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தன.

"இந்தச் சாவி பூட்டத் தெறக்கல அண்ணே. ஆளுதான் தெறந்துகினு இருந்திருக்காரு."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பூட்டின் வயிற்றுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் பூட்டு திரும்பும். இந்தச் சாவி வருடக்கணக்கில் தேய்ந்து, தகடுகளைப் போதுமான உயரத்துக்குத் தூக்குவதில்லை. எத்திராஜ் முழுதாகச் செருகிவிட்டு, அரிசி மணியளவு வெளியே இழுத்து, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பியிருக்க வேண்டும். சரிவில் ஏறிய தகடுகள் அப்போது மட்டத்துக்கு வரும். எவ்வளவு இழுப்பது, எவ்வளவு தூக்குவது என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். நான் வெட்டிய சாவி அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுத்திருந்தது.

பாயும் நானும் இழுத்தும் தூக்கியும் பார்த்தோம். வரவில்லை.

"அவரையே கேட்டுடலாமே" என்றேன்.

உள்ளே எத்திராஜ் கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய சின்ன மகள், "நைனா, பட்டறை பாய் வந்திருக்காரு" என்றது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு, சாவியை அவர் வலது கையில் கொடுத்தார். "எப்பிடித் திருப்புவீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"போட்டா திரும்பும்" என்றார் எத்திராஜ். "எனக்குத் திரும்புது. அவனுக்குத் திரும்பலன்னா நான் இன்னா பண்றது?"

உதட்டின் நல்ல பக்கத்தில் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"சரி, அப்போ வேற சாவி வெட்டிடறோம். எல்லாருக்கும் திரும்பற மாதிரி. நீங்க சரின்னா."

"வெட்டாதே" என்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கஸ்தூரி வெடித்தார். "அவர் கெடக்கறாரு பாய், நீங்க வெட்டுங்க. நான் சொல்றேன். என் நகையும் சேந்துதான் இந்த வண்டி. எறா குடுக்கற பொம்பளைங்க இன்னும் எத்தினி நாளு எனக்காகக் காத்துகினு இருப்பாங்க? நேத்தே ரெண்டு பேர் வேற எடத்துக்குப் போய்ட்டாங்க."

"உங்க நியாயம் புரியுது தங்கச்சி" என்றார் பாய். "ஆனா சாவி யார் இடுப்புல கீதோ அவங்க சரின்னு சொல்லாம நான் அரத்த எடுக்க மாட்டேன். இன்னிக்கி உங்களுக்காக அத்த மீறினா, நாளைக்கி உங்க வீட்டுச் சாவிய ஒருத்தன் எடுத்துனு வந்து கேப்பான்."

கஸ்தூரி அவரை முறைத்தார். பிறகு விடுவிடென்று உள்ளே போனார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். நல்ல காது அந்தப் பக்கமாக இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாய்யா உன் மனசுல? வண்டி ஓடலன்னா நாம இன்னா தின்றது?"

 எத்திராஜின் குழறல் கேட்டது. "புதுச் சாவி வந்துட்டா, நான் இல்லாமயே எல்லாம் ஓடும்."

கஸ்தூரியின் குரல் இறங்கியிருந்தது.  "ஓடாது. மார்க்கெட்டுல எந்தத் தரகன் எப்பிடின்னு எனக்கின்னா தெரியும்? இவனுக்கின்னா தெரியும்?"

பாய் என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். இந்த முறை கட்டிலில் உட்காரவில்லை, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்திராஜண்ணே, கிளட்ச் மிதிக்க முடியாது. ஒத்துக்கறேன். சாவி போட எந்தக் கை?"

எத்திராஜ் புரியாமல், எப்போதும் சாவி போடும் வலது கையைத் தூக்கினார்.

"அந்தக் கை நல்லாதான கீது? சாவி போடற எடம் நடுவுலதான கீது? நீங்க நடுவுல குந்துங்க. மச்சான் ஓட்டட்டும். ஸ்டார்ட் பண்றது நீங்க."

 எத்திராஜ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை அல்ல, வலது கையை.

"உனக்கு ஜுரம் வந்து படுத்துகினா?" என்றார் கஸ்தூரி, விடாமல். "அன்னிக்கி வண்டி நிக்கணுமா?"

எத்திராஜ் யோசித்தார். "அப்போ ஒண்ணு வெட்டி வெச்சிக்க" என்றார் கடைசியில். பிறகு பாயைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஆனா எஞ்சாவி செத்துடக் கூடாது."

இதைச் சொல்வது சுலபம். தேய்ந்த பூட்டுக்கு வழக்கமான வைத்தியம், அதைக் கழற்றித் தகடுகளை மாற்றிப் புதுச் சாவி போடுவது. அப்படிச் செய்தால் பழைய சாவி வெறும் பித்தளைத் துண்டு. பழைய சாவியும் வேலை செய்ய வேண்டும் என்றால் பூட்டைத் தொடவே கூடாது. அது இன்றைக்கு எந்தக் கோலத்தில் இருக்கிறதோ அந்தக் கோலத்துக்கே ஒரு சாவி வெட்ட வேண்டும். பார்த்து வெட்டவும் தேயாத சாவி கிடையாது. பொன்னேரித் தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

மறுநாள் காலையில் பல் வெட்டாத சாவிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு போனோம். ஏரிக்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. கஸ்தூரி முறத்தைப் பிடித்து மறைத்துக்கொண்டார். சுடரில் சாவியைக் காட்டி, அதன் மேல்விளிம்பு முழுக்கக் கரி படிய வைத்தேன். பூட்டுக்குள் செருகி, திருப்பப் பார்க்கிற மாதிரி மெல்ல அழுத்தம் கொடுத்து, ஆட்டி, வெளியே எடுத்தேன். எங்கெங்கே தகடு உட்கார்ந்ததோ அங்கே கரி போய் மினுக்கென்று ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளியில் மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி செருகல், மறுபடி புள்ளி. ஒரு புள்ளி தெரியாமல் போனால் அந்தத் தகடு தன் மட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அங்கே அரம் படக் கூடாது. ஒரு இழுப்பு அதிகமானாலும் சாவி வீண்.

பாய் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் கை வேகமாகும்போதெல்லாம், "அண்ணே, அவசரம் உங்களுக்கா, அரத்துக்கா?" என்பார். நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வேன்.

முதல் சாவியை நான் கெடுத்தேன். இரண்டாவது, வெயில் ஏறி வண்டியின் தகரம் சுடும் நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் என் விரல்களுக்குள் திரும்பியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தக் கணம் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் வேறு எதனோடும் ஒப்பிடத் தெரியவில்லை. கடலில் வலை கனக்கும்போது வருவது அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

பாய் போட்டுப் பார்த்தார், திரும்பியது. பாபுவுக்குத் திரும்பியது. கஸ்தூரி முறத்தை வைத்துவிட்டு வந்து திருப்பினார், அவருக்கும் திரும்பியது.

"இப்போ அவரக் கூப்புடுங்க" என்றார் பாய்.

பாபுவும் நானும் எத்திராஜைத் தாங்கி வந்து நடு இருக்கையில் உட்கார வைத்தோம். தன் பழைய சாவியை மடியிலிருந்து எடுத்தார். எங்களைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் திருப்பவில்லை. அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்க அவ்வளவு ஆசை. அவர் உடம்பைச் சாய்த்து, பூட்டைத் தோளால் மறைத்துக்கொண்டார். எஞ்சின் உறுமிக் கிளம்பியது.

பாபு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எத்திராஜ் நேராகப் பார்த்தபடி சொன்னார்:

"இன்னா பாத்துகினு கீறே? ஓட்டு."

அன்றிலிருந்து அந்த வண்டி அப்படித்தான் ஓடியது. வலதுபுறம் பாபு, நடுவில் எத்திராஜ், கதவோரம் கஸ்தூரி. திருப்பாலைவனம் பக்கம் பஸ் டிரைவர்கள்கூட வழிவிட்டு, நடுவில் இருப்பவருக்குக் கை காட்டிவிட்டுப் போவார்கள். எத்திராஜ் மார்க்கெட்டில் வண்டியை விட்டு இறங்காமலேயே தரகர்களோடு சண்டை போடுவாராம். புதுச் சாவி என்னவாயிற்று என்று ஒருமுறை பாபுவிடம் கேட்டேன். வீட்டில் ஆணியில் தொங்குகிறது என்றார்.

அந்த இழுப்பும் தூக்கலும் என் மனதை விட்டுப் போகவில்லை. பழைய பூட்டு ஒன்றைப் பட்டறையில் வைஸில் மாட்டி, தேய்ந்த சாவிகளைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். சிலது வந்தது, பலது வரவில்லை. பாய் பார்த்துச் சிரிப்பார். "எத்திராஜண்ணன் இன்னும் உங்கள வுடலயா?"

எண்பதுகளில் ஒரு தை மாதம் எத்திராஜ் காலமானார். இரண்டாவது முறை இழுத்துக்கொண்டது, எழவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கஸ்தூரி பட்டறைக்கு ஆள் அனுப்பினார். நான் போனேன். வண்டியில் கூடைகள் ஏற்றியாகிவிட்டது. பாபு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி ஆணியிலிருந்து எடுத்த புதுச் சாவியை என்னிடம் நீட்டினார். உப்புக்காற்றில் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஒரு நாள்கூடப் பயன்பட்ட சாவி மாதிரி இல்லை.

"இத்த ஒரு தேய் தேய்ச்சிக் குடுங்கண்ணே" என்றார்.

புளி கேட்டு வாங்கித் தேய்த்துப் போட்டுப் பார்த்தேன். பாதி போய் நின்றது. இத்தனை வருடத்தில் பூட்டு இன்னும் தேய்ந்திருந்தது. கரி பிடித்து மறுபடி ராவ வேண்டும் என்றேன்.

"அதுக்குள்ள எறா கெட்டுடும், தள்ளுங்க" என்ற கஸ்தூரி, இடுப்பு முடிச்சிலிருந்து பழைய சாவியை எடுத்தார். வண்டிக்குள் எட்டிச் செருகினார். மிகச் சின்னதாக ஒரு இழுப்பு, ஒரு தூக்கல். எஞ்சின் கிளம்பியது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "எப்போ கத்துக்கினீங்க?"

"பக்கத்துலயே குந்திகினு போனா தெரியாதா? அந்த வருஷம் மழ முடியறதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சி."

"எனக்கும் தெரியும்" என்றார் பாபு உள்ளிருந்து.

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

கஸ்தூரி இல்லையென்று தலையை ஆட்டினார். "நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மறுநாளு எழுந்து வந்திருப்பாரா?"

கதவோர இடம் காலியாகத்தான் இருந்தது. கஸ்தூரி அதைத் தாண்டிப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.